ட்ரை ஃப்ளையில ஒரு பிரவுண் ட்ரவுட்: வாற சீசனுக்காவது வழி சொல்லுங்கோ

ரெண்டு சீசனா ஒன்டாரியோவில கிராண்ட் ஆத்தில, ஷாண்ட் அணைக்குக் கீழ ஃபெர்கஸ் பக்கம் பிரவுண் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை (பூச்சி மாதிரிக் கட்டின தூண்டில்) போட்டு நிக்கிறன். தண்ணிக்குள்ள தாழ்ந்து போற நிம்ஃப் ஃப்ளையில ஆறு மீன் பிடிச்சு விட்டாச்சு. மேல மிதக்கிற ட்ரை ஃப்ளையில இன்னும் ஒண்டுகூட இல்லை. வாற ஏப்ரல் நாலாவது சனி சீசன் திறந்து செப்டம்பர் 30க்குள்ள ஒண்டாவது வேணும், அவ்வளவுதான் ஆசை.

தடி 9 அடி, 5 வெயிட் (அது எறியிற லைனின்ர பார அளவு). மிதக்கிற லைன், அதின்ர நுனியில 9 அடி 5எக்ஸ் லீடர் (ஃப்ளை கட்டுற மெல்லிய நரம்பு).

நடக்கிறது இதுதான்: ஜூன் மாதம், பொழுதுபடுற நேரம். மீன் எழும்பி வந்து, மூக்கு முட்டுற அளவில ஃப்ளையோடயே ஒரு அடி பின்னுக்குப் போகும். பிறகு அப்பிடியே தாழ்ந்திடும். அடுத்த நிமிசம் பக்கத்தில நிஜப் பூச்சியை விழுங்கி வட்டம் போடும். வயிறு எரியும்!

இன்னும் மெல்லிய 6எக்ஸுக்கு மாறிப் பாத்தன். லீடரை 12 அடியாக்கினன். ஃப்ளையை 16ஆம் நம்பரில இருந்து 20 வரை (நம்பர் கூடக் கூடச் சின்னன்) சின்னனாக்கினன். எனக்கும் மீனுக்கும் நடுவில வேகமான நீரோட்டம். லைனை மேல்பக்கம் (தண்ணி வாற பக்கம்) தூக்கிப் போட்டாலும் ரெண்டு செக்கனில ஃப்ளை இழுபட்டு, பின்னால கோடு கீறும்.

இப்பிடியான இடத்தில ஆத்துக்குக் குறுக்கால எறியிறதை விட்டிட்டு, மீனுக்கு மேல்பக்கம் நிண்டு கீழ்நோக்கி விடுறது சரிவருமா?