மேடைப் பேச்சில் 'நாம்' ஏன் எடுபடவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அச்சகத்துக்காரன், திருப்பாதிரிப்புலியூர்:

நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை அடிப்பது என் தொழில். தேர்தல் வந்தால் உள்ளூர் வேட்பாளர்களுக்குப் பேச்சும் எழுதிக் கொடுப்பேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சிக்கும் எழுதியிருக்கிறேன்.

போன உள்ளாட்சித் தேர்தலில் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். "தானே புயலில் நாம் முந்திரியை இழந்தோம், பலாவை இழந்தோம், நம்பிக்கையை மட்டும் இழக்கவில்லை" என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. வேட்பாளர் அதைச் சொல்லி வாய் மூடவில்லை, முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா, "உனக்கு எத்தன காணி முந்திரி போச்சு தம்பி?" என்று கேட்டுவிட்டது. புயல் கரையைக் கடந்த 2011 டிசம்பர் 30 அன்று மனிதர் சென்னையில் மூன்றாவது மாடியில் இருந்தவர். கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் "சாலை அமைக்கப்பட வேண்டும், குடிநீர் வழங்கப்பட வேண்டும்" என்று வரும்போது பாதிப் பேர் டீக்கடையில். வீட்டுக்கு வந்து எண்ணினேன். 12 நிமிடப் பேச்சில் 41 'வேண்டும்'. இதற்கெல்லாம் இலக்கணத்தில் விளக்கம் உண்டா, இல்லை ஆளைப் பொறுத்ததுதானா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மஞ்சக்குப்பம்:

அந்த ஆயா கேட்டது இலக்கணக் கேள்விதான் ஐயா. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே, 'நாங்கள்' என்றால் வெளியே. உள்ளே இழுத்துவிட்டால் அவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் வந்துவிடும், கேட்டுவிட்டார்.

வினைமுற்றில்தான் ஒரு வசதி இருக்கிறது. நாம், நாங்கள் இரண்டுக்கும் 'ஓம்' என்ற விகுதி ஒன்றே. 'ஏரியைத் தூர்வாருவோம்' என்றால் அவர்கள் தூர்வாருவார்களா, நாமும் மண்வெட்டியோடு வர வேண்டுமா? ஓட்டுக் கேட்கும்போது முதல் பொருள், ஜெயித்த பிறகு இரண்டாம் பொருள். இதற்காகவே பேச்சாளர்கள் எழுவாயை விழுங்கிவிடுவார்கள்.

'வழங்கப்பட வேண்டும்' என்பதில் எழுவாய் குடிநீர். வழங்குகிறவர் வாக்கியத்திலேயே இல்லை. மனு எழுத அது சரி. மனுவை வாங்கப் போகிறவரே அப்படிப் பேசினால் ஜனம் டீக்குத்தான் போகும்.

கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். நன்னூல் வினாவை ஆறு வகையாகச் சொல்கிறது, அதில் ஒன்று ஏவல் வினா, அதாவது கேள்வி போலக் கேட்டு வேலை வாங்குவது. 2014 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் ஜெயலலிதா "செய்வீர்களா?" என்று கேட்டது நினைவிருக்கும். உருவம் வினா, வேலை ஏவல். 'வாக்களியுங்கள்' என்றால் சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். 'செய்வீர்களா' என்றால் வாயைத் திறந்து பதில் சொல்லியாக வேண்டும்.

மொழியியல் மாணவி, காலாப்பட்டு:

ஆசிரியர் சொன்ன 'உருவம் ஒன்று, வேலை ஒன்று' என்பதைத்தான் ஹாலிடே என்ற மொழியியலாளர் விரிவாக எழுதினார். பேசும்போது நாம் ஒன்றைக் கொடுக்கிறோம் அல்லது கேட்கிறோம். கைமாறுவது செய்தியாக இருக்கலாம், பொருளோ உழைப்போ ஆகவும் இருக்கலாம். உங்கள் 41 'வேண்டும்'-இல் யாரும் எதையும் கொடுக்கவில்லை.

வரிசையும் முக்கியம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1961 ஜனவரியில் பதவியேற்றுப் பேசியதைப் பாருங்கள். முதலில் நட்பு நாடுகளுக்கு 'நாங்கள் உறுதி கூறுகிறோம்' என்ற வாக்குறுதிகள். அப்புறம் எதிர்த்தரப்பைப் பார்த்து 'இரு தரப்பும் சேர்ந்து செய்வோம்' என்ற அழைப்பு. நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே என்ற கட்டளை கிட்டத்தட்ட முடிவில்தான் வருகிறது, அதுவும் 'சக அமெரிக்கர்களே' என்று விளித்த பிறகு. ஆங்கிலத்தில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே 'வீ', தமிழில் மொழிபெயர்க்கிறவர் எது நாம், எது நாங்கள் என்று முடிவு செய்தே ஆக வேண்டும். நான் ஒரு வகுப்புப் பயிற்சிக்குச் செய்து பார்த்து, மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

பிரெஞ்சு வாத்தியார், முத்தியால்பேட்டை:

'வாழ்க'வை யாரும் சொல்லவில்லையே! வியங்கோள், அதாவது வாழ்த்த, வைய, வேண்ட, விதிக்க வரும் வினைமுற்று. 'வாழ்க' யாரையும் ஏவாது, வெறும் வாழ்த்து. எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று கேட்கும் 'வீவ் லா பிரான்ஸ்' (பிரான்ஸ் வாழ்க) என்பதில் வரும் 'வீவ்' அதே ஜாதிதான். சாதுவான வடிவம் என்று நினைக்காதீர்கள். 1967 ஜூலை 24 அன்று கனடாவில் பிரெஞ்சு பேசும் கெபெக் மாகாணத்தின் மாந்த்ரியால் நகர மன்ற மாடத்தில் நின்று பிரெஞ்சு ஜனாதிபதி தெ கோல் 'சுதந்திர கெபெக் வாழ்க' என்று பிரெஞ்சில் முழங்கினார். கனடா அரசு கொதித்துப்போய்க் கண்டித்தது. அவர் தலைநகர் ஒட்டாவா போகாமலே ஊர் திரும்பினார். இத்தனைக்கும் யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை.

அச்சகத்துக்காரன், திருப்பாதிரிப்புலியூர்:

எல்லாருக்கும் நன்றி. அதே ஆள் மறுபடி வந்திருக்கிறார், இப்படி எழுதிக் கொடுத்தேன்: "தானே அடித்தபோது நான் சென்னையில் இருந்தேன். உங்கள் முந்திரி சாய்ந்ததை டிவியில்தான் பார்த்தேன். மறுபடி வைத்த கன்று காய்க்க எத்தனை வருஷம் ஆச்சு, நீங்களே சொல்லுங்கள்."

படித்துவிட்டு, "என்னய்யா, நான் வெளியூர்க்காரன்னு நீயே மைக் போட்டுச் சொல்றியா?" என்று அந்த முதல் இரண்டு வரியையும் அடித்துவிட்டார். போன தேர்தல் நோட்டீஸ் பாக்கியைக் கேட்டேன். "தருவோம்" என்றார்.

ஆசிரியர் ஐயா, இது எந்த 'ஓம்'?