12×12 பக்கத்துல மொசைக் மாதிரி படம் அடுக்க எந்தக் கட்ட அளவு சரி?

வளையல்பெட்டி:
வளைகாப்பு ஆல்பத்துக்கு எதிரெதிரா ரெண்டு பக்கம் செய்யணும். கையில 4×6 பிரிண்ட் ஆறு: நாலு நெட்டுவாக்கு, ரெண்டு படுக்கைவாக்கு. பெருசாப் போடற மாதிரி குரூப் போட்டோ ரெண்டு. வளையல், மருதாணிக் கை, கலவை சாதம்னு சின்னதா நறுக்கிக்கலாம்னு நாலு. 2 அங்குலக் கட்டம், நடுவுல 1 நூல் (அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு) இடைவெளி வச்சுக் கோடு போட்டா, 4×6 படம் கட்டத்தை நிரப்ப மாட்டேங்குது. என்ன அளவு வைக்கலாம்?

கோடுஅளவு:
ஒரு படம் ரெண்டு கட்டத்தை மூடினா நடு இடைவெளியையும் சேர்த்து மூடணும். அப்போ 4 அங்குலம் 1 நூல் வேணும். நீளத்துல மூணு கட்டத்துக்கு 6 அங்குலம் 2 நூல். 4×6 ரெண்டு பக்கமும் பத்தாது.

கட்டத்தை 1 அங்குலம் 6 நூலாக் குறைங்க, இடைவெளி அதே 1 நூல். ஆறுக்கு ஆறு கட்டம் 11 அங்குலம் 1 நூல் வரும், சுத்தி மூணரை நூல் ஓரம். ஆறு கட்டத்தை ரெண்டு ரெண்டாவும் மூணு மூணாவும் பிரிக்கலாம், 4×6 படத்துக்கு இதைவிட வசதியான எண் இல்ல. வெட்டற அளவு:
2 கட்டம்: 3 அங்குலம் 5 நூல்
3 கட்டம்: 5 அங்குலம் 4 நூல்
4 கட்டம்: 7 அங்குலம் 3 நூல்

இடது பக்கம்: மேல் இடது மூலையில 4×4 கட்டத்துக்குக் குரூப் போட்டோ (8×10 பிரிண்ட் போட்டு வெட்டுங்க). வலது ஓரத்துல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு நெட்டுப்படம். அடியில ஒரு படுக்கைப்படம், மிச்ச ரெண்டு ஒத்தைக் கட்டத்துல வளையலும் மருதாணியும். வலது பக்கத்துக்கு இதையே தலைகீழாத் திருப்பிக்கோங்க. பன்னிரண்டு படமும் உட்கார்ந்துடும், நாலு நெட்டுப்படமும் நடுமடிப்பை ஒட்டி ஒரே பட்டையாச் சேரும்.

காத்தாடி:
தனிப்பக்கம்னா ஐந்துக்கு ஐந்து இன்னும் அழகு. நடுவுல ஒத்தைக் கட்டம், அதைச் சுத்திக் காத்தாடி இறக்கை மாதிரி ரெண்டு நெட்டுப்படம், ரெண்டு படுக்கைப்படம். கட்டம் 1 அங்குலம் 7 நூல் வச்சா 4×6 படத்துல அகலத்துல ஒரு நூல், நீளத்துல ஒரு நூல் மட்டும்தான் போகும். தலையோ காலோ வெட்டுப்படாது. ஆனா எதிர்ப்பக்கம் ஆறு கட்டமா இருந்தா இதைச் சேர்க்காதீங்க. கோடுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராம பக்கம் கலைஞ்சு தெரியும்.

வளையல்பெட்டி:
ஆறு கட்டமே எடுத்துக்கறேன். குரூப் போட்டோவையும் துண்டு துண்டா நறுக்கி ஒட்டலாமா?

கோடுஅளவு:
தாராளமா. ஆனா ஒவ்வொரு துண்டுக்கு நடுவுலயும் 1 நூல் பட்டையை வெட்டி எடுத்துடணும். எடுக்காம விலக்கி ஒட்டினா, சாய்வாப் போற சேலைக் கரை ஒவ்வொரு இடைவெளியிலும் படி மாதிரி விலகும், முகமும் அகலமாயிடும். வெட்டறதுக்கு முன்னாடி ஓஎச்பி ஷீட்ல (கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் தாள்) கட்டத்தை வரைஞ்சு படத்து மேல நகர்த்திப் பாருங்க. யாரோட கண்ணுலயும் கோடு விழாத இடத்துல நிறுத்துங்க. குரூப் போட்டோவுல எல்லா முகமும் தப்பாது. அப்படின்னா அதை முழுசாவே விடுங்க.

ஒட்டறதை ஓரத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, அரை நூல் பிசகு ஆறாவது கட்டத்துல மூணு நூலாயிடும். பக்கத்தோட நடுக்கோடு, 6 அங்குலத்துல, இடைவெளிக்கு நட்டநடுவுல விழும். அங்கேர்ந்து வெளிப்பக்கமாப் போங்க. நீர்ப்பசை வேண்டாம், படம் சுருங்கி நெளியும். ஆசிட் இல்லாத இருபக்க டேப்பை நாலு ஓரத்துலயும் போடுங்க.