சீனத்துச் 'சியூ'வுக்குத் தமிழில் 'தங்கல்'

அனைவருக்கும் வணக்கம்.

சீன வானியலில் நிலாவின் பாதையை ஒட்டி வானத்தைப் பிரிக்கும் 28 பகுதிகளுக்குச் 'சியூ' என்று பெயர். அவற்றைத் தமிழில் நட்சத்திரம் என்றே எழுதிவிடலாம், அவற்றில் ஒன்றான சின் என்பதைக் கேட்டை என்று போடலாம் என்று போன மடலில் ஒரு நண்பர் சொல்லியிருந்தார். விருச்சிகத்தை மட்டும் எடுத்துப் பார்த்தாலே அது சரிவராது என்று எனக்குப் படுகிறது.

நாம் தேளைக் காணும் இடத்தில் பழைய சீனர்கள் கண்டது கிழக்குத் திசையின் நீல டிராகனை. நம் சித்திரை அதன் கொம்பு. அங்கிருந்து கழுத்து, மார்பு என்று இறங்கி வந்தால் அனுஷம், கேட்டை, மூலம் இருக்கும் பக்கத்தில் ஃபாங், சின், வெய் என்று மூன்று சியூக்கள். சின் என்றால் நெஞ்சு. கேட்டையின் சிவந்த விண்மீன்தான் டிராகனின் நெஞ்சு. அதற்குப் 'பெருந்தீ' என்றும் பெயர். அந்தி வானில் அது மேற்கே சரியத் தொடங்கினால் வெயில் தணியப்போகிறது, குளிருக்கு உடை தயாராக வேண்டும் என்று கணக்கு. ஷிஜிங் என்னும் பழைய சீனப் பாடல் தொகுப்பின் பாட்டொன்றிலேயே இது வருகிறது.

சின்னில் மூன்று மீன்கள். நடுமீன் பேரரசர், பக்கத்து மீன்கள் அவர் பிள்ளைகள். செவ்வாய் அங்கே வந்து தயங்கி நின்றால் அரசருக்கு ஆபத்து. பொ.மு. 7-இல் அப்படியொரு குறி கண்டதாகச் சொல்லி, ஹான் அரசின் தலைமை அமைச்சர் ஜை ஃபாங்ஜின் பழியை ஏற்று உயிரை விட வேண்டிவந்தது. கொஞ்ச நாளிலேயே பேரரசர் செங்கும் இறந்தார். அந்த ஆண்டில் செவ்வாய் அங்கே நிற்கவே இல்லை என்று இன்றைய கணக்கு காட்டுகிறது. படிக்கும்போது மனம் கனத்துப்போனது. கேட்டை என்று எழுதினால் இந்தக் கதை எதுவும் அந்தச் சொல்லுக்குள் வராது.

இன்னொன்று, அளவு. நம் நட்சத்திரங்கள் 27-உம் சமபங்கு, ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. சியூக்கள் அப்படி இல்லை. மரபான சீனப் பாகையில் சின் வெறும் 5, ஜிங் என்ற இன்னொரு சியூ 33. பெயர்களும் நம்மிடமிருந்து போன இரவல் இல்லை. ஹூபெய் மாநிலத்தில் 1978-இல் அகழ்ந்தெடுத்த கல்லறையில் ஓர் அரக்குப்பெட்டி கிடைத்தது. பொ.மு. 433-ஐ ஒட்டிய காலத்தது. அதன் மூடியில் டிராகனும் புலியும் இருக்க, நடுவே 28 பெயர்களும் இருக்கின்றன.

நட்சத்திரத்தைக் குறிக்கும் 'நாள்மீன்' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அது மீனைச் சொல்கிறது, சியூ வானத்தின் ஒரு பகுதியைச் சொல்கிறது. 'நிலவு மாளிகை' ஆங்கிலத்தைப் பார்த்துக் கட்டியது, அதை விட்டுவிடலாம்.

சியூ என்று படிக்கும் அதே எழுத்தைச் 'சூ' என்று படித்தால், இரவு ஓரிடத்தில் தங்குவது என்று பொருள். இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே! "இன்னைக்கு ராத்தங்கல் எங்கே?" என்று ஊர்ப்பக்கம் கேட்பார்கள். நிலா ஓரிரவு தங்கிப் போகிற இடம். முதல்முறை 'நிலாத்தங்கல்' என்று எழுதிவிட்டு அப்புறம் 'தங்கல்' என்று சுருக்கலாம்.

சின்னுக்கு 'நெஞ்சத்தங்கல்'. இதயம் வேண்டாம். சீனச் சொல் உறுப்பையும் மனத்தையும் சேர்த்தே குறிக்கும், தமிழில் நெஞ்சும் அப்படித்தான். டிராகனின் கடைசிப் பகுதி ஜீ, அதாவது தானியம் புடைக்கிற சுளகு. நிகண்டில் சுளகு விசாகத்துக்கும் பெயர். 'சுளகுத்தங்கல்' என்று சேர்த்தே எழுதினால் அந்த மயக்கம் வராது. ஃபாங் 'அறைத்தங்கல்' ஆகட்டும்.

வெய்தான் இடிக்கிறது. வெய் என்றால் வால். வாற்றங்கல் என்று புணர்த்தினால் யாருக்கும் புரியாது. வால்தங்கல் என்றே விட்டுவிடலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள், அதன்படி சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.