மடக்கை வரைபடமும் தாத்தாவின் லாக் புத்தகமும்

நான்: அத்தை, விழித்திருக்கிறீர்களா? நாளைக்கு மடக்கைச் சார்பில், அதாவது லாக்கில், தேர்வு. லாக் (எக்ஸ் - 3) வரைபடம் 3 கட்டம் வலப்பக்கம் நகரும் என்று போட்டிருக்கிறது. கழித்தால் இடப்பக்கம்தானே போக வேண்டும்?

அத்தை: என் வகுப்பிலும் நிறையப் பேர் தடுமாறும் இடம் கண்ணு. அடிமானம் 2 என்று வைத்துக்கொள். அதாவது 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் எக்ஸ் வருமோ, அதுதான் லாக் எக்ஸ். வெறும் லாக் எக்ஸ் எப்போது 0 ஆகும்?

நான்: எக்ஸ் 1 ஆகும்போது.

அத்தை: இப்போது அடைப்புக்குள் 1 வர வேண்டுமானால்?

நான்: எக்ஸ் 4 ஆக வேண்டும். ஓ!

அத்தை: 1-இல் நடந்தது இனி 4-இல் நடக்கும். 2-இல் கிடைத்த 1 இனி 5-இல் கிடைக்கும். 8-இல் கிடைத்த 3, 11-இல். தொலைத்தொடுகோடும், அதாவது வளைவரை நெருங்கிக்கொண்டே போய்த் தொடாமல் விடும் கோடும், 0-இலிருந்து 3-க்கு வந்துவிடும். அந்தக் கோட்டை முதலில் புள்ளி புள்ளியாகப் போட்டுவிட்டு வளைவரையைத் தொடங்கு. சார்பகத்தில், அதாவது எக்ஸுக்குப் போடக்கூடிய எண்களில், 3-ஐச் சேர்த்துவிடாதே, 3-ஐ விடப் பெரியவை மட்டும்.

நான்: கழித்தல் குறி முன்னால் வந்தால்?

அத்தை: லாக்குக்கு வெளியே இருந்தால் படம் தலைகீழாகக் கவிழும். எக்ஸுக்கு முன்னால் இருந்தால் இடப்பக்கம் திரும்பும்.

நான்: சரி. இன்னொன்று அத்தை. லாக் (8எக்ஸ்), லாக் எக்ஸ் + 3 இரண்டையும் கணினியில் வரைந்தேன். ஒரே கோடாக விழுகிறது. முதலாவது பக்கவாட்டில் சுருங்க வேண்டும், அடுத்தது மேலே நகர வேண்டும். எப்படி ஒன்றாகும்?

அத்தை: லாக்குக்குள் இருக்கும் பெருக்கல் வெளியே கூட்டலாகிவிடும். அடிமானம் 2-க்கு லாக் 8 என்பது 3.

தாத்தா: அம்மாடி, லாக் மதிப்புகளை அட்டவணையில் தேடிப் பார்க்கும் எங்கள் லாக் புத்தகமே இதை வைத்துத்தான் ஓடியது. அங்கே அடிமானம் 10. 2-க்கு 0.3010, 20-க்கு 1.3010, 200-க்கு 2.3010. புள்ளிக்குப் பின்னால் மாறவே மாறாது. அதனால் 1 முதல் 10 வரை அட்டவணை இருந்தால் போதும்.

அத்தை: ஆமாம் அப்பா! பத்தால் பெருக்கினால் படம் ஒரு படி மேலே.

நான்: 0.2-க்கு என்ன செய்வீர்கள் தாத்தா? கால்குலேட்டரில் -0.6990 வருகிறதே, 3010-ஐக் காணோம்.

தாத்தா: 3010-ஐத் தொட மாட்டோம். முன்னால் 1 எழுதி அதன் தலையில் ஒரு கோடு போடுவோம். அந்த 1-க்கு மட்டும்தான் கழித்தல். 0.3010-இலிருந்து 1-ஐக் கழித்துப் பார்.

நான்: -0.6990 தாத்தா! பத்தால் வகுத்ததும் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது.