மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்குகிறேன்: எந்த வேலையை முதலில் கேட்பது?

வாசல்படி எழுதியது:

வணக்கம். அவனியாபுரம் பக்கம் குடியிருக்கிறேன். வீட்டுத் திண்ணையிலேயே இட்லிக் கடை. 2011-ல் மதுரையின் 72 வார்டுகள் 100 ஆனபோது மாநகராட்சிக்குள் வந்த பகுதி எங்களுடையது. வந்த புதிதில் பெருமையாகத்தான் இருந்தது. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை கேட்பதற்குக் கவுன்சிலரே இல்லாமல் போனது தனிக் கதை.

இப்போதைய வார்டு உறுப்பினர் போன வாரம் வந்தார். "இந்த வருடம் உங்கள் தெருவுக்கு ஒரு வேலைதான் எடுக்க முடியும். எது என்று நீங்களே பேசி மனு கொடுங்கள்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் சண்டையை எங்கள் மடியில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

தெரு மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. வண்டி வைத்திருப்பவர்கள் சிமெண்ட் சாலை கேட்கிறார்கள். பாதாள சாக்கடைக்குத் தோண்டிய ஒப்பந்தக்காரர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனதோடு சரி, மேலே ஒன்றும் போடவில்லை. கிழக்குக் கடைசியில் இருப்பவர்கள் தெருவோர வடிகாலான வாறுகாலைத்தான் முதலில் எடுத்துக் கட்ட வேண்டும் என்கிறார்கள். மழை பெய்தால் மொத்தத் தெருத் தண்ணீரும் அவர்கள் வீட்டுக்குள்தான் போகிறது. பெண்கள் குடிநீர்க் குழாயைச் சொல்கிறார்கள்.

குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் தண்ணீர் மேலே ஏறாது. அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் பள்ளம் வெட்டி, அதற்குள் குழாயை இறக்கி வைத்திருக்கிறோம். என் பள்ளத்துக்குள் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். குடம் வைக்க இடமில்லை, சட்டியில் பிடித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு கை எட்டும் தூரத்தில் வாறுகால் சுவர் கசிந்துகொண்டே இருக்கிறது. முதல் நாலு சட்டித் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவேன், அதில் ஒரு வாடை வரும். ஐந்தாவது சட்டிதான் இட்லி மாவுக்கு. இதைப் படித்துவிட்டு யாரும் என் கடைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள், கொதிக்க வைத்துத்தான் ஊற்றுகிறேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டும். சாலை மேல் சாலையாகப் போட்டு, இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கி உள்ளே போகிறேன். மழை மாதம் பிறந்தால் வாசலில் மணல் மூட்டை.

என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மனு எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். எதை முதலில் எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஷேர் ஆட்டோ தம்பி எழுதியது:

அக்கா, யோசிக்கவே வேண்டாம், சாலையை எழுதுங்கள். கண்ணுக்குத் தெரிகிற வேலைதான் நடக்கும். மண்ணுக்குள் இருப்பதைக் கேட்டால் ஆய்வு, அளவு, மதிப்பீடு என்று இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் பணம் பக்கத்து வார்டுக்குப் போய்விடும். எங்கள் தெருவில் அப்படித்தான் ஆனது. பிரசவத்துக்குப் போகிற பெண்ணை ஏற்றிக்கொண்டு உங்கள் தெரு மாதிரி ஒரு பள்ளத்தில் ஓட்டிப் பார்த்தால் தெரியும் எது அவசரம் என்று.

ஓய்வுபெற்ற ஓவர்சியர் எழுதியது:

அம்மா, தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சாலையை முதலில் கேட்காதீர்கள். முப்பது வருடம் இதே வேலை பார்த்தவன் சொல்கிறேன். பாதாள சாக்கடையிலிருந்து வீட்டு இணைப்பு எல்லோரும் வாங்கிவிட்டீர்களா? பாதிப் பேர் வாங்கியிருக்க மாட்டீர்கள். சாலை போட்ட மறுமாதம் ஒவ்வொருவராக வெட்டுவீர்கள். சிமெண்ட் சாலையை வெட்டினால் ஒட்டுப்போட்ட இடம் ஒட்டுப்போட்டதாகவே இருக்கும்.

உங்கள் முதல் நாலு சட்டித் தண்ணீரின் வாடைக்கும் காரணம் சொல்கிறேன். வால்வை அடைத்தவுடன் குழாய்க்குள் தண்ணீர் வடிந்து காலியாகிறது. அப்போது விரிசல் எங்கே இருந்தாலும் வெளியே தேங்கி நிற்கும் தண்ணீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை திறக்கும்போது அதுதான் முதலில் வருகிறது. ஆகவே வாறுகால் கசிவு நின்றால் குழாய்த் தண்ணீர் பாதி சரியாகிவிடும். பெண்களும் கிழக்குக் கடைசிக்காரர்களும் கேட்பது இரண்டு வேலை இல்லை, ஒரே வேலை.

சாலை எப்போது வந்தாலும் பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்று வற்புறுத்துங்கள். வீடுகள் பள்ளத்துக்குப் போகக் கூடாது என்று 2021-லேயே தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டின் நகலை வாங்கி, அதில் சுரண்டும் செலவு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்டுத் தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. உங்கள் வாறுகால் எங்கே போய் முடிகிறது? தெருவில் யாருக்காவது தெரியுமா? மேற்குக் கடைசியில் இரண்டு வாளி மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அதன் பின்னாலேயே நடந்து பாருங்கள்.

செல்லூர்க்காரன் எழுதியது:

ஓவர்சியர் ஐயா கேட்ட கேள்விதான் கேள்வி. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி பெய்த மழையில் எங்கள் பக்கம் வீட்டுக்குள் படகு விடலாம் போல் இருந்தது. தெருவில் சாலையும் இருந்தது, வாறுகாலும் இருந்தது. கண்மாய்த் தண்ணீர் வைகைக்குப் போவதற்குத்தான் போதுமான வழி இல்லை. அதன் பிறகுதான் செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு சிமெண்ட் கால்வாய் கட்ட ஏறத்தாழ 12 கோடி ரூபாய் அறிவித்தார்கள். என் வீட்டுப் பீரோவின் கீழ்த்தட்டில் இன்னும் சேற்றுக் கோடு இருக்கிறது. மனைவி அதைத் துடைக்க விடமாட்டேன் என்கிறாள், யாராவது கேட்டால் காட்ட வேண்டுமாம்.

ஷேர் ஆட்டோ தம்பி எழுதியது:

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலைப் பள்ளத்தை மட்டுமாவது மூடச் சொல்லி மனுவில் ஒரு வரி எழுதுங்கள் அக்கா. செம்மண்ணும் ஜல்லியும் போட்டு உருளை ஓட்டினால் போதும், அதற்கு டெண்டர் எல்லாம் வேண்டியதில்லை.

வாசல்படி எழுதியது:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னபடியே செய்தோம். நேற்றுக் காலை வியாபாரம் முடிந்ததும் பேரனை வாளியோடு மேற்கே நிறுத்திவிட்டு நான் முன்னால் நடந்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களே பதினைந்து பேர் இருப்பார்கள்.

மஞ்சள் தண்ணீர் நாலு வீடு தாண்டி நன்றாக வந்தது. ஐந்தாவது வீட்டு வாசலில் நின்றுவிட்டது. ஐந்தாவது வீடு என்னுடையது. கடைக்கு வருகிறவர்கள் நிற்பதற்காக என் வீட்டுக்காரர் வாறுகால் மேல் பாறாங்கல் ஒன்றைப் போட்டிருந்தார், அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. கல்லின் ஒரு முனை உள்ளே இறங்கி, அதற்குப் பின்னால் இலையும் பிளாஸ்டிக் பையும் களிமண் போல் கெட்டிப்பட்டுக் கிடந்தன. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கிழக்குக் கடைசி அம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தன் வாசலைப் பார்த்தார், அங்கேயும் ஒரு கல் கிடந்தது. எண்ணிப் பார்த்ததில் முப்பத்தொரு வீட்டில் பத்தொன்பது வீட்டு வாசலில் கல்.

குச்சியால் குத்திவிட்டுத் தண்ணீரைக் கடைசிவரை கொண்டுபோனோம். தெரு முடிகிற இடத்தில் ஒரு காலி மனையில் வாறுகால் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போக வழியே இல்லை. கால்வாய் அங்கிருந்து எழுபது தப்படி தள்ளித்தான் ஓடுகிறது, பேரனை விட்டு எண்ணச் சொன்னேன். இவ்வளவு வருடமாக வழி இல்லாத வாறுகாலைத்தான் அடைப்பு எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மனு இப்படி எழுதியிருக்கிறேன்: தெருக்கோடியிலிருந்து கால்வாய் வரை வாறுகாலை நீட்டித் தர வேண்டும், கசியும் பக்கச் சுவரைப் பூச வேண்டும், அதுவரை சாலைப் பள்ளத்தை ஜல்லி போட்டு மூட வேண்டும். சாலை வேண்டும் என்று எழுதவில்லை. வண்டிக்காரர்களில் இரண்டு பேர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு நாலு இட்லி கூட வைத்துப் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர் எழுதியது:

அந்த எழுபது தப்படிக்கும் மட்டம் பார்க்க வேண்டும் அம்மா. கால்வாயின் அடிமட்டம் உங்கள் வாறுகாலைவிடத் தாழ்வாக இருந்தால்தான் தண்ணீர் போகும், உயரமாக இருந்தால் மழைக்குக் கால்வாய்த் தண்ணீர் உங்களிடம் திரும்பி வரும். "மட்டம் பார்த்து" என்ற இரண்டு சொல்லையும் மனுவில் சேருங்கள். அந்தக் காலி மனை யாருடையது என்பதையும் விசாரித்து வையுங்கள், பட்டா நிலமாக இருந்தால் அங்கேதான் இழுக்கும். கற்களை எப்போது எடுக்கப் போகிறீர்கள்?

வாசல்படி எழுதியது:

மட்டத்தைச் சேர்த்துவிட்டேன் ஐயா. மனைக்காரர் திருமங்கலத்தில் இருக்கிறாராம், போன் நம்பர் தேடிக்கொண்டிருக்கிறோம். கல் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை காலை, என் வாசலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தெருவில் தீர்மானமே போட்டுவிட்டார்கள்.

ஷேர் ஆட்டோ தம்பி எழுதியது:

கடப்பாரை இரண்டு கொண்டு வருகிறேன் அக்கா. இட்லி உண்டுதானே?

வாசல்படி எழுதியது:

இட்லி உண்டு தம்பி. சட்னி மட்டும்தான், சாம்பார் கிடையாது. ஞாயிறு எங்களுக்குத் தண்ணீர் வராத நாள்.