செராமிக் தூளுக்குள் உருகிய உலோகத்தை இறக்கியவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ஒரு ஆய்வுக்கூடத்தில் சிலிக்கான் கார்பைடு என்ற செராமிக்கின் தூளைக் கட்டியாக அழுத்தி, அதற்குள் அலுமினியத்தை இறக்கும் வேலையில் இருந்தேன். கல்லூரி புராஜெக்ட்டுகளில் செய்வது போல உருகிய அலுமினியத்தில் தூளைக் கொட்டிக் கலக்குவது வேறு. அதில் தூள் கூடக் கூடக் குழம்பு இறுகி, கலக்கவே முடியாமல் போகும். எங்களுக்கு வேண்டியதோ பாதிக்கு மேல் செராமிக். அதற்குத் தூளை முதலில் அடுக்கிவிட்டு இடுக்குகளில் உலோகத்தை ஓட விடுவதுதான் வழி.

ஆனால் அது தானாக ஓடாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். 750 வரை ஏற்றினாலும் கட்டியின் மேல் பாதரசம் மாதிரி உருண்டுதான் நிற்கும். அதன் மேல் மூடியிருக்கும் ஆக்சைடு படலம் செராமிக்கைத் தொட விடுவதில்லை. அதனால் முதலில் வெற்றிடம், அப்புறம் ஆர்கான் வாயுவால் அழுத்தம். தூள் பொடியாக ஆக ஆக இடுக்கு சிறுத்துப்போகும். இடுக்கு பத்தில் ஒன்றானால் அழுத்தம் பத்து மடங்கு வேண்டும்.

ஒரு கட்டியை வைரச் சக்கரத்தில் அறுத்துப் பார்த்தோம் (ஹேக்சா பிளேடு வைத்தால் பல் மழுங்குவதைத் தவிர ஒன்றும் நடக்காது). சுற்றிலும் பளபளவென்று சாம்பல் நிறம். நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு திட்டு. நகத்தால் சுரண்டினால் தூள் உதிர்ந்தது. உலோகம் ஓரமாக முந்திச் சுற்றி வளைத்ததில் உள்ளே வாயு சிக்கிக்கொண்டது. வெற்றிடத்தைக் கூடுதல் நேரம் வைத்த பிறகுதான் அந்தத் திட்டு மறைந்தது.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? ஒரு டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், செம்பு 17. இந்தக் கலவை 8 பங்கு வாக்கில்தான். ரயில் எஞ்சினில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பவர் மாட்யூலுக்கு அடித்தட்டாக இதைப் போடுவது அதனால்தான். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, மேலே இருக்கும் செராமிக் தகட்டின் சால்டர் விரிசல் விடாமல் தாங்குகிறது. எடையும் செம்பில் மூன்றில் ஒரு பங்குதான்.

மறுமொழி 1

சார், எங்கள் பக்கம் கதையே வேறு. எண்ணெய்க் கிணறு துளைக்கும் பிட் செய்யும் ஆலையில் வேலை பார்த்தேன். கிராஃபைட் அச்சுக்குள் டங்ஸ்டன் கார்பைடு தூளை நிரப்பி, அதிரவைத்து இறுக்குவோம். மேலே செம்பு, நிக்கல், மாங்கனீஸ், துத்தநாகம் கலந்த துண்டுகளையும், ஆக்சைடு படலத்தைக் கரைக்கும் ஃப்ளக்ஸையும் போட்டு உலையில் வைத்தால், 1,180 டிகிரி வாக்கில் உருகித் தானாகவே கீழே இறங்கிவிடும். அழுத்தமே கிடையாது, ஏனென்றால் செம்புக் கலவைக்கு டங்ஸ்டன் கார்பைடோடு அவ்வளவு ஒட்டுதல்.

ஆறவைப்பதில்தான் எங்களுக்குக் கவனம். அடியிலிருந்து ஆற வேண்டும். அப்போதுதான் சுருங்கும் இடத்தை மேலே நிற்கும் உலோகம் வந்து நிரப்பும். பாறையை வெட்டும் வைரப் பற்களை அப்புறம்தான் பிட்டில் பற்றவைப்போம், அந்தச் சூட்டை அவை தாங்காது. அவற்றுக்கான குழிகளை மட்டும் அச்சிலேயே கிராஃபைட் துண்டு வைத்துக் காப்பாற்றிவிடுவோம்.

மறுமொழி 2

அலுமினியத்தில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சூட்டை ஏற்றினால் ஒட்டும் என்று சிலிக்கான் கலக்காத அலுமினியத்தை 900 டிகிரிக்கு மேல் பிடித்துவைக்காதீர்கள். அது சிலிக்கான் கார்பைடிலிருந்து கார்பனைப் பிடுங்கி அலுமினியம் கார்பைடு ஆகிவிடும். அப்படி வந்த ஒரு துண்டை எங்கள் கூடத்து அலமாரியில் போட்டிருந்தார்கள். மழைக்காலம் முடிந்து எடுத்தபோது மேல்பக்கம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஈரம் பட்டாலே அந்தக் கார்பைடு சிதைந்து மீத்தேன் விடும். 10 சதவீதம் வாக்கில் சிலிக்கான் சேர்ந்த அலுமினியக் கலவையை எடுத்துக்கொண்டு, சூட்டையும் அளவாக வைத்தால் இந்தத் தொல்லை பெரிதாக இராது.

முதலில் எழுதியவர்

மிகச் சரி. நாங்களும் சிலிக்கான் கலந்ததைத்தான் எடுத்தோம். அழுத்தம் கொடுக்க வசதி இல்லாதவர்கள் கலவையில் மெக்னீசியம் சேர்த்து நைட்ரஜன் சூழலில் வைத்துப் பாருங்கள். மெக்னீசியம் ஆவி நைட்ரஜனோடு சேர்ந்து துகள்மேல் படியும். அதோடு அலுமினியம் வினைபுரிந்து ஒட்டிக்கொண்டே உள்ளே போகும். நேரம் நிறையப் பிடிக்கும். உலையில் ஆக்சிஜன் கசிவு இருந்தால் உலோகம் வாசலிலேயே நின்றுவிடும், அதனால் சீல்களை முதலில் பார்த்துவிடுங்கள்.