பழைய ஓப்பன் டாப் மஸ்டாங் வாங்கப் போன அனுபவங்கள்

பழைய அமெரிக்க ஓப்பன் டாப் கார் ஒன்றை வாங்கி, பிரித்துச் சரிசெய்ய ஆசை என்று இரண்டு பேர் அடுத்தடுத்துக் கேட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எனக்கு நடந்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். வாங்காமல் திரும்பி வந்த கதையானாலும் சரி. எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவை நான் வாங்காத வண்டிகள்தான்.

ஏன் ஃபோர்டின் மஸ்டாங் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இங்கே சிங்கப்பூரில், அப்பர் புக்கிட் தீமா சாலையில் இருந்த ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்தவர். 1942 பிப்ரவரி 15 அன்று ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்த இடம் என்றுதான் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடத்தைத் தெரியும். இப்போது அது அருங்காட்சியகம். எங்கள் வீட்டில் அது, அப்பா விடிவதற்கு முன்னால் தூக்குச் சட்டியோடு கிளம்பிப் போன இடம். 1980ல் ஆலையை மூடும்வரை அங்கேதான் இருந்தார். அவர் கைபட்டதெல்லாம் சிறிய குடும்பக் கார்கள். ஆனால் வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் இருந்தது ஒரு வெள்ளை மஸ்டாங். "இதுக்கு மேலே ஒண்ணும் இல்லை பாரு, அதனாலதான் கீழே இரும்பு அதிகம்" என்று ஒருமுறை சொன்னார். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். அவர் சொன்னதன் முழு அர்த்தமும் வண்டி தேடி அலைந்தபோதுதான் விளங்கியது.

மஸ்டாங்குக்கு லாரிக்கு இருப்பதுபோல் அடியில் தனி இரும்புச் சட்டம் (ஃபிரேம்) கிடையாது. உடம்பே சட்டம். கூரை இருக்கும் வண்டியில் தரையும் தூண்களும் கூரையும் சேர்ந்து ஒரு பெட்டியாக நின்று சுமையைத் தாங்கும். காலணிப் பெட்டியின் மூடியை எடுத்துவிட்டுக் கையால் முறுக்கிப் பாருங்கள், எப்படி வளைகிறது! அதற்காகத்தான் கன்வெர்டிபிளில், அதாவது கூரையை மடிக்கும் ஓப்பன் டாப்பில், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பகுதிக்குத் தடித்த தகடு போட்டார்கள். முன் இருக்கைகளுக்கு அடியில் கூடுதல் தகடு, முன்சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் முறுக்கைத் தாங்கும் டார்க் பாக்ஸ் என்ற பெட்டி என்று அடைத்தார்கள். இந்த இரும்பு துருப்பிடித்துவிட்டால் மேலே பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் வண்டி நடுவில் தொய்ந்துவிடும்.

நான் பார்த்த முதல் வண்டி சின் மிங் பக்கம் ஒரு பட்டறையில் நின்றது. சிவப்பு, வெள்ளை இருக்கை, குரோம் எல்லாம் கண்ணாடி மாதிரி. விற்பவர் சாவியைக் கையில் கொடுத்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள் என்றார். 289 கன அங்குல வி8, அதாவது 4.7 லிட்டர். அந்தச் சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் மனம் இளகிவிடும். எனக்கும் இளகியது. கூட வந்த நண்பர்தான் பானட்டைத் திறக்கச் சொன்னார். இன்ஜின் அறையில் இடது உள் ஃபெண்டர் தகட்டின் மேல்விளிம்பில் வண்டி எண்ணைக் குத்தியிருப்பார்கள். துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் 6T07C என்று தொடங்கியது. 6 என்றால் 1966 மாடல். T என்றால் ஃபோர்டின் மெட்டச்சன் ஆலை. C என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் உள்ள 289 இன்ஜின். நடுவில் இருக்கும் 07தான் விஷயம். 07 ஹார்ட்டாப், 08 கன்வெர்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். கூரையோடு பிறந்த வண்டியின் கூரையை யாரோ அறுத்து எடுத்திருக்கிறார்கள்!

கதவில் ரிவெட் அடித்திருந்த தகட்டில் மட்டும் 76A என்று கன்வெர்டிபிள் குறி அழகாக இருந்தது. அந்தத் தகட்டைப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள், எனவே அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உடம்பில் குத்திய எண்தான் சாட்சி. விற்பவரிடம் கேட்டேன். தான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். இருக்கலாம். நான் சண்டை போடவில்லை, வந்துவிட்டேன்.

இரண்டாவது வண்டியின் சொந்தக்காரர் வயதான சீன அங்கிள். நல்ல மனிதர். வண்டி பல வருடங்களாக அவர் வீட்டு வாசலில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பயம். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில் காற்று போவதற்காக வரிவரியாக ஓட்டைகள் இருக்கும். அதற்குள் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பெட்டி. மழைத்தண்ணீர் அதில் இறங்கி ஓரமாக வெளியே போக வேண்டும். தூங்குமூஞ்சி இலை எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஓட்டைக்குள் விழுந்து, மட்கி, ஈரச் சேறாகத் தங்கிவிடும். தகடு உள்ளிருந்தே அரித்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது.

அங்கிளிடம் அனுமதி கேட்டு ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். என் நண்பர் உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச்சோடு படுத்திருந்தார். பத்து எண்ணுவதற்குள் "வருது, வருது" என்றார். பாதி தண்ணீர் கால் வைக்கும் இடத்தில் சொட்டியது. கம்பளத்தைத் தூக்கினோம். அடியில் இருந்த தரைத் தகட்டில் என் ஆள்காட்டி விரலை லேசாக அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்து விரல் வெளியே போய்விட்டது. கீழே சிமெண்டுத் தரை தெரிந்தது. அங்கிள் குனிந்து பார்த்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எங்களை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். கல்யாணமான புதிதில் மனைவியோடு சாங்கி கடற்கரைக்கு இதே வண்டியில் போன கதையைச் சொன்னார். அவரிடம் விலை பேச எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவதைத்தான் வாங்கினேன். எண் 6F08C, டியர்பார்ன் ஆலையில் செய்த கன்வெர்டிபிள். பெயிண்ட் உரிந்து பார்க்கவே பாவமாக இருந்தது. அதுதான் எனக்கு வசதி, மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு பழைய குளிர்பதனப் பெட்டிக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ராக்கர் நெடுக வைத்துக்கொண்டே போனேன். வலப்பக்கம் முழுக்க ஒட்டியது. இடப்பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் காந்தம் நிற்கவே இல்லை. அங்கே இரும்பு இல்லை, பெயிண்டுக்கு அடியில் பூசி அடைக்கும் வெறும் பட்டி. அடுத்து ஜாக்கியை முன்சக்கரத்துக்குப் பின்னால் கொடுத்து ஒரு பக்கமாகத் தூக்கினோம். வலது கதவு எப்போதும்போலத் திறந்து மூடியது. இடது கதவைத் திறந்துவிட்டு மூடப் பார்த்தால் கொக்கி ஒரு விரல் அளவு கீழே போய் இடித்தது. உடம்பு வளைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. விற்பவரும் கூட நின்று பார்த்தார், 9,000 வெள்ளி குறைத்தார்.

துரு என்று தெரிந்தும் ஏன் வாங்கினேன் என்றால், துரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க முடிந்தது. மஸ்டாங் 1964 ஏப்ரலில் அறிமுகமானது. 1966 மாடலில் மட்டும் 72,119 கன்வெர்டிபிள்கள் செய்தார்கள். அவ்வளவு வண்டிகள் இருந்ததால் ராக்கர், தரைத் தகடு, கண்ணாடிக்குக் கீழே வரும் அந்தப் பெட்டி எல்லாமே இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கப்பல் செலவும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும், ஆனால் கிடைக்கும். அரிதான அமெரிக்க வண்டி என்றால் ஒரு தகட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

*

ஈசூனிலிருந்து ஒருவர்:

அண்ணே, என்னுடையது வாங்காத கதை. அரிசோனாவில் ஒரு 1965 இம்பாலா கன்வெர்டிபிள் பார்த்தேன், படத்தில்தான். அங்கே பாலைவனக் காற்று, இரும்பு கெடாது. வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள், அங்கிருந்து வரும் வண்டி அடியில் அரித்துப் போயிருக்கும். இதெல்லாம் படித்து வைத்திருந்தேன். வீடியோ அழைப்பில் அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னேன், அந்த மனிதர் தரையில் படுத்து ஒவ்வொரு மூலையும் காட்டினார். முன்பணம் அனுப்பக் கை போய்விட்டது.

என் அக்கா ஒரே கேள்வி கேட்டார்: "ஸ்டியரிங் எந்தப் பக்கம்டா?" இடது. இடப்பக்க ஸ்டியரிங் வண்டியைச் சாதாரணமாக இங்கே பதிய முடியாது. வலப்பக்கம் மாற்றலாம் என்று ஒருவர் சொன்னார். அவர் மாற்றிய ஒரு வண்டியைப் போய்ப் பார்த்தேன். பழைய ஸ்டியரிங் பெட்டியை இடப்பக்கமே விட்டுவிட்டு, டாஷ்போர்டுக்குப் பின்னால் சைக்கிள் போலச் சங்கிலி கோத்து வலப்பக்கம் இழுத்திருந்தார். சக்கரத்தைத் திருப்பினால் கால்வட்டம் வரை ஒன்றும் நடக்கவில்லை. என் பிள்ளைகளை அதில் உட்கார வைக்க மாட்டேன். ஒழுங்காக மாற்றுவதென்றால் ஸ்டியரிங் பெட்டி, பெடல், டாஷ்போர்டு எல்லாமே புதிதாக வேண்டும். அந்தச் செலவைக் கேட்டதும் விட்டுவிட்டேன். வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

*

தோ பாயோவிலிருந்து, இருக்கை தைக்கும் பட்டறை நடத்தும் பெண்மணி:

தரையைப் பற்றி ஐயா எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. நான் கூரைத் துணி பற்றிச் சொல்கிறேன். அப்பாவிடம் தொழில் கற்று இருபது வருடம் ஆகிறது.

போன வருடம் ஒருவர் 60களின் ஓப்பன் டாப் ஒன்றைக் கொண்டுவந்தார். புதுத் துணி மட்டும் தைத்துக் கொடுங்கள், தீபாவளிக்கு ஓட்ட வேண்டும் என்றார். நான் கூரையின் இரும்புக் கம்பிகளைத் தூக்கி முன்கண்ணாடிச் சட்டத்தில் பூட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் இரண்டு விரல் உயரத்தில் நின்றது. கதவுக் கண்ணாடியை ஏற்றினால் கூரைக் கம்பியில் இடிக்கிறது. துணியில் ஒன்றும் இல்லை, வண்டியின் உடம்பே கோணல். அதன்மேல் துணியை இழுத்துத் தைத்தால் முதல் மழையிலேயே தையல் பிரியும். உடம்பை நேர் செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் கண்ணாடிகளைச் சரியாக நிறுத்துங்கள், கம்பிகளைப் பொருத்துங்கள், கடைசியில்தான் நான் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு போனார். எட்டு மாதம் கழித்து வந்தார், இந்த முறை எல்லாம் நேராக இருந்தது. நல்ல வேலை செய்து கொடுத்தேன், மனசுக்கு நிறைவாக இருந்தது.

இன்னொன்று. வண்டி பார்க்கப் போகும்போது கூரை மடிந்த நிலையில் இருந்தால் நீங்களே விரித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் நனைந்த துணியை மடித்து வைத்தால் மடிப்புக்குள் பூஞ்சை பிடிக்கும், துணி சுருங்கும், பின்கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால் மஞ்சளாகும். மோட்டாரில் இயங்கும் கூரை என்றால் பின் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பம்பு கசிகிறது.

*

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒருவர்:

அண்ணே, வண்டியை எங்கே வைத்து வேலை செய்கிறீர்கள்? புளோக்கில் முடியாதே. வேலை எந்த அளவில் இருக்கிறது? ஓட்டக் கிடைக்கும் நாட்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

*

முதலில் எழுதியவர்:

தங்கை சொன்ன வரிசையை எழுதி பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். நானும் துணியைத்தான் முதலில் ஆர்டர் செய்யப் பார்த்தேன், நல்லவேளை.

தம்பி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டையில் வண்டியைப் பிரித்துப் போட முடியாது. காக்கி புக்கிட்டில் நண்பரின் பட்டறையில் ஒரு மூலையை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கணக்குப் போடும்போது இந்த வாடகையை மறந்துவிடாதீர்கள், வேலை இழுக்க இழுக்க அதுவும் ஏறிக்கொண்டே போகும். ஸ்பேனர் செட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. இந்த வண்டியில் எல்லாம் அங்குல அளவு, நம்மிடம் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் நழுவி போல்ட்டின் தலையைத் தின்றுவிடும்.

என்னுடையது ஏற்கெனவே கிளாசிக் திட்டத்தில் பதிந்த வண்டி, ஸ்டியரிங்கும் முறையாக மாற்றியது. 35 வயது தாண்டிய வண்டிகளுக்கான திட்டம் அது. வருடத்துக்கு 45 நாள் ஓட்டலாம். எனக்கு அது தாராளம்.

பிரேக்கை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று முதலிலேயே முடித்துவிட்டேன். 1966 வரை வந்த மஸ்டாங்கில், பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். ஏதாவது ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967லிருந்துதான் இரட்டை அறை வந்தது. நானும் இரட்டை அறை சிலிண்டர் போட்டுவிட்டேன்.

இப்போது இடது ராக்கர் வேலை நடக்கிறது. வெல்டிங் செய்பவர் தகட்டை வெட்டும் முன்பு கதவு வாசலுக்குள் இரும்புக் குழாயைக் குறுக்கே பற்றவைத்தார். இல்லாவிட்டால் பழைய தகட்டை எடுத்த நொடியே உடம்பு தொய்ந்து, அந்தத் தொய்வோடேயே புதுத் தகடு ஒட்டிக்கொள்ளும். ஒரே சமயத்தில் இரண்டு பக்கத்திலும் கை வைக்கக் கூடாது என்பதிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். போன சனிக்கிழமை புது ராக்கரைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்துவிட்டு, குழாயை அறுத்தோம், கதவை மாட்டினோம். அதே இடத்தில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கினோம். நான் இரண்டு விரலால் கதவைத் தள்ளினேன். டக்கென்று மூடியது. மறுபடி திறந்து மறுபடி மூடினேன். வெல்டர் சிரித்துக்கொண்டே, போதும் அண்ணே, இன்னும் முழு வெல்டிங் பாக்கி இருக்கிறது என்றார். அடுத்த வாரம் முன்கண்ணாடியைக் கழற்றி அந்தக் காற்றுப் பெட்டியைத் திறக்கிறோம்.